ரமண மகரிஷி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை திருவண்ணாமலை போய்வருகிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஆளுக்கொரு கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அந்தப் படம், அதாவது கோவணத்தோடு சாய்ந்து உட்கார்ந்து நம்மையே பார்க்கும் அந்தப் படம், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. படத்தில் இருப்பவர் நாள் முழுக்க என்ன செய்தார் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

யார் இவர்? ஒரு பத்து வரியில் சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசனத்தன்று, திருச்சுழியில் பிறந்தார். பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரமய்யர் ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர், அம்மா அழகம்மாள். 12 வயதில் அப்பா இறந்துபோக, மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டுக்கு வந்தார். ஸ்காட் நடுநிலைப்பள்ளி, அப்புறம் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளி. 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். 1950 ஏப்ரல் 14 வரை, அதாவது ஏறக்குறைய 54 வருடங்கள், அந்த ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை. கோயில், தோப்பு, குகை, மலையடிவாரம் என்று இருந்த இடம் மாறியது, அவ்வளவுதான்.

படிக்கிற பையன் ஏன் வீட்டை விட்டு ஓடினான்?

ஓடினான் என்று சொல்வதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. ஓடுகிறவன் மிச்சப் பணத்தை வைத்துவிட்டுப் போகமாட்டான். முதலிலிருந்து சொல்கிறேன்.

1896 ஜூலை மாதம். மதுரை வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, காரணமே இல்லாமல் சாகப்போகிறோம் என்ற பயம் வந்தது. உடம்புக்கு ஒரு நோயும் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. சரி, சாவு வந்துவிட்டது, செத்தால் என்னதான் ஆகும் என்று பார்ப்போம் என்று கைகால்களை நீட்டிப் படுத்து, வாயை இறுக மூடி, மூச்சை அடக்கி, பிணம் போலக் கிடந்தார். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள், அதோடு 'நான்' முடிந்துவிடுமா? இல்லை, உடம்புக்கு அப்பால் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது என்பது யோசனையாக வராமல் நேராகவே தெரிந்தது என்று பின்னால் சொன்னார். சில நிமிடத்துச் சமாசாரம். சாவு பயம் அதற்கப்புறம் வரவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தினமும் போய் நின்று கண்ணீர் விடுவார். ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தரம் எழுதிவரச் சொல்லித் தண்டனை. இரண்டு தரம் எழுதியவர், நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசுவாமி, இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டார். அண்ணன் வாயிலிருந்து வந்தது நியாயமாகவே பட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன்.

ஐந்தில் மூன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு ரூபாயையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'நான்' என்று ஆரம்பிக்கிறது: தகப்பனாரைத் தேடி (அருணாசலேசுவரரைத்தான் சொல்கிறார்), அவர் உத்தரவுப்படி கிளம்புகிறேன் என்கிறது. அடுத்த வரியிலேயே 'நான்' போய் 'இது' வந்துவிடுகிறது: இது நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது. இதைத் தேடப் பணம் செலவு செய்ய வேண்டாம், உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, மிச்சம் ரூபாய் 2 இதோடு இருக்கிறது என்று முடிகிறது. 'இப்படிக்கு' என்று எழுதிய இடத்தில் பெயர் கிடையாது, ஒரு கோடுதான்.

பழைய அட்லஸில் திருவண்ணாமலைக்குத் திண்டிவனம்தான் பக்கத்து ஸ்டேஷன் என்றிருந்ததால் அதற்கே டிக்கெட் எடுத்தார். திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று வண்டியில் சொன்னவர் ஒரு மௌல்வி. விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு வரைக்கும்தான் கையில் காசு இருந்தது. மீதியை நடந்தார். அறையணிநல்லூர்க் கோயில், கீழூர்க் கோயில் என்று பசியோடு வந்து, கோகுலாஷ்டமியன்று முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பிட்டு, காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து ரயிலேறினார். கடுக்கனை மீட்க முகவரி எழுதிக் கொடுத்த சீட்டை வெளியே வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டார். திரும்பிவர உத்தேசமே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆரம்ப காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டாராமே?

நாம் அப்படித்தான் சொல்வோம். தலையை மழித்துக்கொண்டு, பூணூலையும் மிச்சக் காசையும் எறிந்துவிட்டு, வேட்டியிலிருந்து ஒரு கோவணம் கிழித்துக்கொண்டு ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பையன்கள் கல் எறிந்ததால் பாதாளலிங்கக் குகைக்குள் இறங்கினார். அங்கே இருட்டு, பூச்சி, எறும்பு. தொடையெல்லாம் புண்ணாகியும் தெரியாமல் இருந்தவரை வெளியே தூக்கிவந்தார்கள். அங்கே இருந்த துறவி சேஷாத்ரி சுவாமிகள்தான் அந்தக் காலத்தில் கவசம் மாதிரி இருந்தவர். பிறகு குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று, 1899 முதல் விரூபாட்சி குகை, 1916 முதல் ஸ்கந்தாசிரமம். ஆனால் இதையெல்லாம் தவம் என்று அவர் ஒருநாளும் கணக்குக் காட்டியதில்லை.

அவர் மௌனசாமிதானே? பேசவே மாட்டாராமே?

முதல் சில ஆண்டுகள் அநேகமாகப் பேசவில்லை. விரதம் எடுக்கவில்லை, பேசத் தோன்றவில்லை என்பார். பின்னாளில் நன்றாகவே பேசினார். பெரிய புராணக் கதை சொல்லும்போது தொண்டை அடைத்துக் கண்ணீர் வந்து நிறுத்திவிடுவார். பழைய கதைகளை நடித்துக்காட்டிச் சொல்வார். கிண்டலும் உண்டு. 1924-இல் ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்து அவருடைய தொடையிலும் ஒரு அடி போட்டார்கள். போதாவிட்டால் இன்னொரு தொடையிலும் போடு என்றாராம். பிறகு விசாரித்தவர்களிடம் எனக்கும் கொஞ்சம் பூசை கிடைத்தது என்றார். மதுரைப் பக்கத்து ஆளுக்கு இந்த நையாண்டி வராமல் போகுமா?

உபதேசம் என்று வரும்போது மட்டும், சும்மா இருப்பதே பெரிய உபதேசம் என்று அவர் நினைத்தார். மௌனத்தாலேயே உபதேசித்த தட்சிணாமூர்த்தியின் கதை இதற்குத் தோதாக இருந்தது.

அம்மாவை அழவிட்டவர் எப்படி மகான்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கோபமும்கூட. 1898 டிசம்பரில் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, பல நாள் அழுது கூப்பிட்டார். பையன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொள்ள, பென்சிலால் எழுதிக் கொடுத்தார்: 'என்றும் நடவாதது என் முயற்சிக்கினும் நடவாது, நடப்பது என் தடை செய்யினும் நில்லாது. இதுவே திண்ணம்.' தாய்க்கு எழுதிய பதில் என்று பார்த்தால் கல்நெஞ்சம்தான். அதை மழுப்ப நான் தயாரில்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1916-இல் அழகம்மாள் மகனோடே வந்து தங்கிவிட்டார். மலைமேல் அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்தார். ஒருநாள் அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டபோது மகன் கை கொடுக்கவில்லை, பாட்டு கொடுத்தார். 'அப்பளம் இட்டுப் பாரு' என்று தொடங்கும் அந்தப் பாட்டில் ஒரு சாமான் விடாமல் வருகிறது. 'தான்' என்ற உளுந்தை 'நான் யார்' என்ற திரிகையில் உடைக்க வேண்டும். பிரண்டை ரசம் சத்சங்கம். சீரகமும் மிளகும் சமம், தமம், அதாவது மன அடக்கமும் புலனடக்கமும். உப்பு உபரதி, அதாவது பற்று விலகல், பெருங்காயம் நல்வாசனை. கடைசியில் பிரம்மம் என்ற நெய்யில் பொரிக்க வேண்டும். அப்பளம் இட்டுப் பழகியவர்கள் வாசித்தால் சிரித்துவிடுவார்கள். பிரண்டை சேர்க்க வேண்டும் என்று தெரிந்த வேதாந்தி வேறு யார் இருந்தார்?

1922 மே 19 அன்று அம்மா இறந்தபோது, ஒரு கையை மார்பிலும் ஒரு கையை தலையிலும் வைத்தபடி காலையிலிருந்து இரவு வரை பக்கத்திலேயே இருந்தார். உயிர் போனதும் தீட்டு கிடையாது, சாப்பிடலாம் என்றார். பெண்ணுக்குச் சமாதி வைக்கலாமா என்ற பேச்சு எழாமல் இல்லை. ஞானத்தில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது என்பது அவருடைய பழைய நிலைப்பாடு. அம்மாவை அடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள், மகன் சில மாதத்தில் மலையிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். இன்றைய ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். மாத்ருபூதேசுவரர் கோயில் என்று கும்பாபிஷேகம் ஆனது 1949-இல்.

'நான் யார்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். அது மந்திரம் இல்லை. நானே முதல் இரண்டு வருடம் மந்திரம் மாதிரி சொல்லிச் சொல்லித் தூங்கிப்போனவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். விடை வாக்கியம் ஒன்று கண்டுபிடிக்க வேண்டிய புதிரும் இல்லை.

அவர் காட்டியது இவ்வளவுதான். ஒரு எண்ணம் எழுகிறது. கோபம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நாம் கோபம் யார்மேல் என்று அந்தப் பக்கம் ஓடுவோம். அவர், இது யாருக்கு வந்தது என்று இந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறார். எனக்கு. சரி, அந்த நான் எங்கிருந்து எழுகிறது? அதை நோக்கினால் எழுந்த எண்ணம் ஆதரவின்றி அடங்கிவிடும். மறுபடி எழும். மறுபடி திருப்ப வேண்டும். பிணம் சுடும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவது போல, 'நான் யார்' என்ற நினைவும் மற்ற நினைவுகளை எரித்துவிட்டுத் தானும் போய்விடும் என்பது அவர் சொன்ன உவமை. சுடுகாட்டில் அந்தத் தடியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இது ஒத்துவராதவர்களுக்கு இன்னொரு வழி: சரணாகதி. இரண்டும் ஒரே இடத்தில் முடியும் என்பார். சுமையை ரயிலில் இறக்கி வைக்காமல் தலையில் வைத்துக்கொண்டே பயணம் செய்வானேன் என்று கேட்டவரும் அவர்தான்.

நாள் பூராவும் சோபாவில் சாய்ந்தேதான் இருந்தாரா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

பல ஆண்டுகள் விடிகாலையில் மூன்று, நான்கு மணிக்கெல்லாம் அவர் அடுக்களையில் இருப்பார். காய் நறுக்குவது, அரைப்பது, சாம்பாரைக் கிளறுவது எல்லாம் உண்டு. சமையல் செய்த பெண்களில் பலர் விதவைகள். உலகத்தில் தங்களுக்கு இடமில்லை என்று வந்தவர்கள். பருப்பு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் பகவான்தான் (ரமணரை அப்படித்தான் அழைத்தார்கள்) என்று அவர்கள் கடைசிவரை பெருமையாகச் சொல்வார்கள். காய்த்தோலை வீச விடமாட்டார், மாட்டுக்குப் போக வேண்டும். தையல் இலை தைப்பார். கமண்டலம் தேய்ப்பார். புத்தகம் கிழிந்திருந்தால் பைண்டு செய்வார். அச்சுப் படி திருத்துவார். பேப்பரில் எழுதாத ஓரங்களை வெட்டி வைத்துக்கொண்டு குறிப்பு எழுதுவார். செய்தித்தாள் படிப்பார், ரேடியோவும் கேட்டிருக்கிறார்.

பந்தியில் தன் இலையில் மட்டும் கூடுதலாக எதாவது விழுந்தால் அன்றைக்குப் பரிமாறியவர் தொலைந்தார். எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் தனக்கும். இதனால் பரிமாறுகிறவர்களுக்கு அவர்தான் ஊரிலேயே கஷ்டமான விருந்தாளி.

அவருக்குக் குரு யார்? அவருக்கு அப்புறம் யார்?

மனித உருவில் குரு கிடையாது. அருணாசல மலைதான் குரு என்பார். பிச்சைக்குப் போகும் சாதுக்கள் தெருவில் பாடுவதற்காக அவர் எழுதிய அட்சரமணமாலையின் 108 கண்ணிகளும் அந்த மலையிடம் பேசுபவைதான்.

அவரும் யாருக்கும் தீட்சை கொடுக்கவில்லை, நான் குரு என்றும் சொல்லவில்லை. 'ரமண மகரிஷி' என்ற பெயர்கூட அவர் வைத்துக்கொண்டதில்லை. 1907 நவம்பரில் வந்த சமஸ்கிருதப் பண்டிதர் காவ்யகண்ட கணபதி முனி வைத்தது. வாரிசு என்று யாரையும் நியமிக்கவில்லை. ஆசிரம நிர்வாகம் தம்பி நாகசுந்தரம், அதாவது சின்னசாமி நிரஞ்சனானந்தர், வழியாகக் குடும்பத்தில் தொடர்கிறது. அது நிர்வாகம் மட்டும்தான், ஞானப் பட்டம் இல்லை.

கோவணாண்டி எதற்கு உயில் எழுதினார்?

ஆசிரமம் யாருக்குச் சொந்தம் என்று பழைய அடியார் ஒருவர் 1930-களில் வழக்குப் போட்டார். கோர்ட் கமிஷன் ஆசிரமத்துக்கே வந்து இவரை விசாரித்தது. பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கு ஆசிரமங்களில் நீங்கள் எதைச் சேர்ந்தவர் என்று கேட்டார்கள். அதியாசிரமம், அதாவது நான்குக்கும் அப்பாற்பட்டது, என்று சொல்லிச் சாஸ்திர ஆதாரமும் காட்டினார். வக்கீல் மகன் அல்லவா! இனி இப்படிக் குழப்பம் வரக்கூடாது என்று 1938-இல் உயில் எழுதப்பட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேர் எழுதவில்லை, ஒரு கோடு இழுத்தார். 1896 சீட்டில் போட்ட அதே கோடு. 42 வருடம் கழித்தும் 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே எழுத ஒன்றுமில்லை.

ஆசிரமத்தில் சாதி பார்த்தார்களா?

பார்த்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே தடுப்பு இருந்தது. சமையல் பிராமணர்கள் கையில். ரமணர் இரு பக்கமும் தெரியும்படி உட்கார்ந்து சாப்பிட்டார். அவரே பூணூலை எறிந்தவர், மலைமேல் யார் கொண்டுவந்த சோற்றையும் சாப்பிட்டவர். ஆனால் கீழே வந்தபிறகு நிர்வாகத்தின் ஏற்பாட்டை உடைக்கவும் இல்லை. முன்வந்து உடைத்திருக்கலாமே என்று நினைக்கிறவர்கள் வரிசையில் நானும் உண்டு. பெண்கள் இரவு ஆசிரமத்துக்குள் தங்கக்கூடாது என்ற விதியும் இருந்தது. இதையெல்லாம் மறைத்து எழுதுவதால் அவருக்கு ஒரு பெருமையும் கூடிவிடாது.

வெளிநாட்டுக்காரர்கள் இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள்?

1911-இலேயே வேலூரில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஹம்ஃப்ரீஸ் குகைக்கு வந்து, அதைப் பற்றி இங்கிலாந்துக்கு எழுதினார். பெரிய அலை 1931-இல் வந்த ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டனால். அவர் எழுதியதைப் படித்து வந்தவர்கள் ஏராளம். 1935-இல் வந்த மேஜர் சாட்விக் திரும்பிப் போகவே இல்லை. உளவியலாளர் யுங் இந்தியா வரைக்கும் வந்துவிட்டுத் திருவண்ணாமலை போகாமல் திரும்பினார். அப்புறம் ரமணரைப் பற்றி முன்னுரையும் எழுதினார்! மதம் மாறு என்று இங்கே யாரும் சொல்லவில்லை, சடங்கு கேட்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அது எந்த நாட்டுக்கும் எடுத்துப்போக வசதியான சாமான்.

அதே சமயம், ரமணர் எழுதியதெல்லாம் தமிழில்தான் ஆழம். உபதேச உந்தியார், உள்ளது நாற்பது இரண்டும் அடியாரும் கவிஞருமான முருகனார் கேட்டுக்கொண்டதால் வந்தவை. உள்ளது நாற்பதில் வெண்பா யாப்பில் அத்வைதத்தை அடைத்து வைத்திருக்கிறார். உலகம் முழுக்கப் படிக்கிறார்கள், நாம் படத்தை மட்டும் மாட்டிவைத்திருக்கிறோம்.

அற்புதங்கள் செய்தாரா?

செய்ததாகச் சொல்பவர்கள் உண்டு. அவர் சொல்லவில்லை. சித்திகளில் அவருக்கு ஆர்வமே இல்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

ஞானிக்கு எப்படிப் புற்றுநோய் வரும்?

உடம்பு இருந்தால் நோய் வரும். உடம்பே ஒரு நோய், அதற்கு இன்னொரு நோய் வந்திருக்கிறது என்றார் அவர். 1949 தொடக்கத்தில் இடது முழங்கைக்கு அருகே சின்னக் கட்டி. சார்கோமா என்ற வகைப் புற்றுநோய். ஒரு வருடத்துக்குள் நான்கு அறுவைச் சிகிச்சை. கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. அலோபதி, சித்த வைத்தியம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவர் மனம் நோகக்கூடாது என்று ஏற்றுக்கொண்டார். தரிசனத்தை நிறுத்த விடவில்லை. எங்களை விட்டுப் போகிறீர்களே என்று அழுதவர்களிடம், எங்கே போவேன், இங்கேதான் இருக்கிறேன் என்றார்.

1950 ஏப்ரல் 14 இரவு 8.47. அறைக்கு வெளியே அட்சரமணமாலை பாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டு அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. மூச்சு அமைதியாக நின்றது. அதே நேரத்தில் வானத்தில் ஒரு ஒளி மெதுவாக மலைப்பக்கம் நகர்ந்ததைப் பலர் பார்த்தார்கள். அப்போது அங்கே இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியர்-பிரசோனும் அதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் எதைப் படிக்கலாம்?

'நான் யார்?' என்ற சின்னப் புத்தகம். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை குகைக்குப் போய்க் கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் எழுதிக் காட்டிய பதில்கள். பிள்ளை அவற்றை இருபது வருடம் கையிலேயே வைத்திருந்து 1923-இல்தான் வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். ஒரே மூச்சில் படிக்காதீர்கள். தமிழ் கொஞ்சம் பழைய நடைதான், இரண்டாம் முறை பழகிவிடும். அதுவும் கடினமாகத் தெரிந்தால் அப்பளப் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். உளுந்து ஊறவைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.